இறுவட்டும் கணினி இசைநூலகமும்: ஒரு திறனாய்வு நோக்கு

ஒரு வீட்டிலுள்ள இசைத்தொகுப்பு அவ்வீட்டாரின் இரசனையை மட்டுமன்றி, இசை பற்றி அவர்கள் கொண்டுள்ள கருத்தையும் வெளிப்படுத்துவதாகும். எவற்றை வாங்கினர் என்பது இரசனையைக் காட்டும். வாங்கியவற்றை எவ்வாறு அடுக்கினர் என்பது கருத்தைக் காட்டும். இறுவட்டுக்களைப் பாடகர் பெயர்கொண்டு அடுக்கும் ஒருவரும், இராகத்தின் பெயர்கொண்டு அடுக்கும் இன்னொருவரும் ஒரே இசையைக் கேட்பவராயினும் ஒரே வகையிற் கேட்பவரல்லர். கடந்த இரு தசாப்தங்களுக்கு மேலாக இந்த அடுக்கு வீடுகளிலிருந்து மறைந்துவருகின்றது. இறுவட்டுக்களிலுள்ள இசை கணினியின் வன்தட்டிற்கு மாற்றப்பட்டு, இறுவட்டுக் கருவி இருந்த இடத்தைச் சிறியதொரு கணினி பிடித்துக்கொள்கின்றது. வட்டுக்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கட்டிலின் கீழே தள்ளப்படுகின்றன.

இம்மாற்றம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு பிரிவினராவர். ஒரு சாரார் வசதியைப் போற்றுவர். ஆயிரக்கணக்கான பாடல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதையும், எழுந்து சென்று வட்டை மாற்றவேண்டாமையையும் அவர்கள் பெரும்பேறாகக் கருதுவர். மறு சாரார் ஒலியின் தரம் கெட்டுவிட்டதென்று வருந்துவர். இரு சாராரும் கவனியாது விடுவது ஒன்றுண்டு. வட்டிலிருந்து கணினிக்குச் செல்லும்போது ஒலியைப் பழுதின்றிக் கொண்டுசெல்ல முடியும். அவ்வொலி யாருடையது, எத்தகையது என்ற அறிவே வழியில் உதிர்ந்துபோகின்றது. ஆகவே இம்மாற்றத்தை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல் செவியன்று, பட்டியலாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இறுவட்டு என்னும் பொருள்

முதற்கண் இறுவட்டின் இயல்பை நோக்குதல் பொருத்தமானது. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து உருவாக்கிய இறுவட்டு 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 சென்ரிமீற்றர் விட்டமுடைய அத்தட்டில் 74 நிமிட இசை அடங்கியது. ஒலியலை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் ஓர் எண்ணாக வட்டிற் பதியப்படுகின்றது. இடச் செவிக்கும் வலச் செவிக்குமாக இரு வரிசை எண்கள் உள. 74 நிமிடங்களுக்கும் கணக்கிடின் ஏறத்தாழ 78 கோடி பைற்றுக்கள் வரும். ஆக, இறுவட்டிலுள்ள இசை தொடக்கத்திலிருந்தே எண்வடிவினதாகும். அதனைக் கணினிக்கு மாற்றுதல் இசையின் தன்மையை மாற்றுதலன்று. ஒரு கொள்கலத்திலிருந்து இன்னொரு கொள்கலத்திற்கு எண்களை எடுத்துச் செல்லுதலேயாகும்.

எனவே ஒலித்தரம் பற்றிய முறைப்பாட்டினைச் சற்று நுணுகி நோக்கவேண்டும். அம்முறைப்பாடு முற்றிலும் பொய்யன்று. 1990களில் ஜேர்மனியின் பிரௌன்ஹோபர் நிறுவன ஆய்வாளர் முன்னின்று உருவாக்கிய எம்.பி.3 முறை, மனிதச் செவி கவனியாதெனக் கருதப்படும் ஒலிக்கூறுகளை நீக்கி இசையைச் சுருக்குவது. பேரொலியொன்றின் அருகில் எழும் மெல்லொலியைச் செவி உணராது என்ற உடற்கூற்றுண்மையே அதன் அடிப்படை. செக்கனுக்கு 128 ஆயிரம் பிற்றுக்கள் என்ற அளவில், பலரும் முற்காலத்திற் செய்ததுபோன்று, சுருக்கப்படின் இறுவட்டிலிருந்ததில் பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சும். தம்புராவின் நீண்ட இழையிலும் வயலினின் மேற்சுரங்களிலும் அக்குறை தெரிவதுண்டு. வன்தட்டுக்கள் சிறியனவாயும் விலை உயர்ந்தனவாயும் இருந்த காலத்தின் சிக்கனமே இதற்குக் காரணமாகும்.

ஆயின் அச்சிக்கனத்திற்கு இன்று நியாயமில்லை. 2001இல் வெளிவந்த பிளாக் என்னும் முறை எதனையும் நீக்காமலே கோப்பைச் சுருக்குகின்றது. விரித்தால் வட்டிலிருந்த எண்கள் ஒன்றுகூடப் பிசகாமல் மீண்டு வரும். அவ்வாறு சுருக்கிய இறுவட்டுக்களில் ஏறத்தாழ இரண்டாயிரத்தை ஒரு லட்சம் கோடி பைற்றுக் கொள்ளும் சாதாரண வன்தட்டொன்றில் வைத்தல் கூடும். மேலும், கீறல் விழுந்த வட்டை இசைக்கும் கருவி வாசிக்க இயலாத இடத்தை அக்கம்பக்கத்து எண்களைக்கொண்டு ஊகித்து நிரப்பிவிட்டுத் தொடர்ந்து ஓடவேண்டியுள்ளது. அவசரமற்ற கணினியோ அதே இடத்தைப் பன்முறை வாசித்துச் சரியான எண்ணைத் தேடமுடியும். இவ்வகையில் நன்கு செய்யப்பட்ட பிரதி, வட்டை இசைக்கும் கருவி தருவதிலும் செம்மையானதாக அமைவதுமுண்டு. ஒலித்தரம் பற்றிய விவாதம் இத்துடன் முடிவுறத்தக்கதே.

பெயரில்லாத வட்டு

இறுவட்டுப் பற்றிப் பலர் அறியாத செய்தியொன்று உண்டு. சாதாரண இறுவட்டிற்குத் தன் பெயர் தெரியாது. அதன் தொடக்கத்திலுள்ள அட்டவணையில் எத்தனை உருப்படிகள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்நேரத்திற் தொடங்குகின்றது என்பன மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். பாடியவர் யார், இயற்றியவர் யார், உருப்படி யாது என்பன வட்டின் எண்களில் இடம்பெறவில்லை. அவை அட்டையிலும் உள்ளே செருகப்பட்ட சிறுநூலிலும் அச்சிடப்பட்டிருந்தன. 1996இல் பெயர்களையும் வட்டிலேயே பதியும் வழி வகுக்கப்பட்டதாயினும் பெரும்பாலான வெளியீடுகள் அதனைக் கையாளவில்லை. எனவே வட்டைக் கணினியிற் செருகியதும் திரையில் தோன்றுவது, முதலாம் உருப்படி, இரண்டாம் உருப்படி என்ற வெறும் எண்வரிசையே.

ஒலியையும் பெயரையும் பிரியாமல் வைத்திருத்தல் ஒலிப்பதிவுத் தொழிலின் மிகப் பழைய சிக்கல்களில் ஒன்றாகும். 1902இல் கிராமபோன் கம்பனியின் சார்பிற் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவிற் பதிவுகள் செய்தபோது அவருக்காகப் பாடியவர்களுள் கௌஹர் ஜான் முதன்மையானவர். பாட்டு முடிந்ததும் அவர் தமது பெயரை ஆங்கிலத்தில் உரத்துக் கூறுவதை அவரது இசைத்தட்டுக்களில் இன்றும் கேட்கலாம். மூலப்பதிவுகள் ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கேயே தட்டுக்களாக அச்சாகின. இந்திய மொழியறியாத தொழிலாளர் எத்தட்டிற்கு எப்பெயரை ஒட்டுவதென்று தடுமாறாதிருத்தற்பொருட்டே அவ்வறிவிப்புச் செய்யப்பட்டது என்பர். பெயரை ஒலிக்குள்ளேயே வைத்துவிட்ட அவ்வேற்பாட்டின் நுட்பம் வியக்கத்தக்கது. தாள் கிழியினும் அட்டை தொலையினும் பாடியவர் யாரென்பதைப் பாட்டே சொல்லும்.

பின்னர் வந்த காலத்தில் அப்பொறுப்பு முழுவதும் தாளுக்குக் கைமாறியது. நீளிசைத்தட்டின் பின்னட்டையும் இறுவட்டின் சிறுநூலும் இயற்றியவர், இராகம், தாளம், பக்கவாத்தியக்காரர், பதிவுசெய்த இடம், ஆண்டு என்பவற்றைச் சுமந்தன. இல்லத்துக் கணினி அத்தாளை வாசிப்பதில்லை. அது வட்டின் நேர அட்டவணையை மட்டுமே காண்கின்றது.

இவ்விடைவெளியை நிரப்பியோர் தொண்டர்களாவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. உருப்படிகளின் தொடக்க நேரங்களைக்கொண்டு ஒவ்வொரு வட்டிற்கும் ஓர் அடையாள எண்ணைக் கணித்து, அவ்வெண்ணின் கீழ் வட்டின் விபரங்களைச் சேமித்துவைக்கும் சி.டி.டி.பி. என்னும் தரவுத்தளம் 1990களில் உருவாயிற்று. வட்டுக்களை வைத்திருந்த சாதாரண மக்கள் தாமாகவே தட்டச்சுச் செய்து அனுப்பிய விபரங்களால் அது வளர்ந்தது. பின்னர் அது கிறேஸ்நோட் என்ற பெயரில் வணிக நிறுவனமாகியது. பலரின் இலவச உழைப்பிற் பிறந்த செல்வம் சிலரின் உடைமையாயிற்று என்ற எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பின் பயனாய்த் தோன்றியவையே பிரீடிபி, மியூசிக் பிறெயின்ஸ் ஆகிய பொதுத் தளங்கள். முன்னையது 2020இல் நிறுத்தப்பட்டது. பின்னையது தொடர்ந்து இயங்குகின்றது. எவரோ முன்பின் அறியாத ஒருவர் ஓரிரவு அமர்ந்து தட்டச்சுச் செய்தவற்றையே இன்று பல இல்லங்களின் இசைநூலகங்கள் தம் அறிவாகக் கொண்டுள்ளன. அவர் செய்த எழுத்துப்பிழையும் அவ்வாறே பரவியுள்ளது.

பட்டியலுக்குள் இருக்கும் கருத்து

பெயரைத் தேடிப் பெற்றபின் அதனை எங்கே எழுதுவது என்ற வினா எழுகின்றது. இங்கேதான் திறனாய்வின் கவனம் நிலைகொள்ள வேண்டும். 1996இல் எம்.பி.3 கோப்புக்களின் இறுதியில் விபரங்களை இணைக்க ஐ.டி.3 என்ற ஏற்பாடு வகுக்கப்பட்டது. அதற்கு ஒதுக்கப்பட்டது 128 பைற்றுக்கள் மட்டுமே. தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு 1. எஞ்சிய மூன்றும் அடையாளக் குறி. இசைவகைக்குரிய ஒரு பைற்று, முன்னரே வகுத்துவைத்த 80 வகைகளின் பட்டியலில் ஒன்றைச் சுட்டும் எண்ணாகும். றொக், ஜாஸ், டிஸ்கோ என்றவாறு நீண்டு செல்லும் அப்பட்டியலிற் கருநாடக இசைக்கு இடமில்லை.

இது வெறும் தொழில்நுட்ப ஏற்பாடு எனக் கூறி ஒதுக்கிவிடல் தகாது. தலைப்பு, கலைஞர், தொகுப்பு என்ற மூன்று கூறுகளாக இசையைப் பகுப்பதில் இசை பற்றிய ஒரு கொள்கை அடங்கியுள்ளது. ஒருவர் பாடுவார், அவர் பாடும் பாட்டுக்கு ஒரு பெயருண்டு, அப்பாட்டு ஒரு தொகுப்பில் வெளியாகும். மேலைநாட்டு வணிகப் பாட்டுக்கு இது நன்கு பொருந்தும். தொகுப்பு என்ற எண்ணமுமே வணிகத்தின் வழி வந்ததாகும். பக்கமொன்றுக்கு மூன்று நான்கு நிமிடங்களே கொண்ட பழைய தட்டுக்களைப் பல உறைகள் கொண்ட புத்தகமாகக் கட்டி விற்றமையால் அல்பம் என்ற பெயர் வந்தது. உறைகள் போயின, பெயர் நின்றது. பின்னர் அப்பெயரே கணினிக் கோப்பின் ஓர் உறுப்பாக நிலைபெற்றுவிட்டது.

இப்பகுப்பு மேலைத்தேயத்துச் சாஸ்திரிய இசைக்கே பொருந்தாமை கண்கூடு. 1824இல் வியன்னாவில் முதன்முறை இசைக்கப்பட்ட பீற்றோவனின் ஒன்பதாம் சிம்பனியை எடுத்துக்கொள்ளலாம். இதிற் கலைஞர் யார்? இயற்றிய பீற்றோவனா, நடத்துநரா, இசைக்குழுவா, இறுதிப் பகுதியிற் பாடும் நால்வரா? ஒருவர் இயற்றியவரின் பெயரை எழுத, இன்னொருவர் நடத்துநரின் பெயரை எழுத, ஒரே நூலகத்தில் ஒரே படைப்பு இரு மூலைகளிற் சிதறிக் கிடக்கின்றது. நான்கு பகுதிகளும் ஒரு படைப்பின் உறுப்புக்கள் என்பதையும் அப்பட்டியல் அறியாது. நான்கு பாட்டுக்கள் என்றே அது கொள்கின்றது.

கருநாடக இசையை நோக்குமிடத்து இடர் பன்மடங்காகின்றது. ஒரு கீர்த்தனையைக் கேட்பவருக்கு இராகம், தாளம், சாகித்தியகர்த்தா, பாடுபவர், வயலின், மிருதங்கம் ஆகிய யாவும் அறியவேண்டிய விபரங்கள். இவற்றுள் இராகமே பலருக்கு முதன்மையானது. அப்பட்டியலில் இராகத்திற்கு உறுப்பில்லை. ஆகவே தரவுத்தளத் தொண்டர் அதனைத் தலைப்போடு ஒட்டுவர், அல்லது குறிப்பில் எழுதுவர், அல்லது விட்டுவிடுவர். எழுதியபோதும் ஆங்கில எழுத்துக்களில் ஒரே இராகம் பல்வேறு எழுத்துக்கூட்டல்களைப் பெறுவதால் கணினி அவற்றை வெவ்வேறெனக் கொள்கின்றது.

இதற்கு மறுதலையான தவறு இன்னும் பாரதூரமானது. தோடி என்ற பெயர் கருநாடக இசையிலும் உண்டு, இந்துஸ்தானி இசையிலும் உண்டு. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. இந்துஸ்தானித் தோடியின் சுரங்கள் தென்னாட்டில் சுபபந்துவராளி எனப்படுவதற்கு உரியவை. தென்னாட்டுத் தோடியின் சுரங்களோ வடநாட்டிற் பைரவி எனப்படுவதற்கு உரியவை. தென்னாட்டுப் பைரவி இவ்விரண்டிலும் வேறுபட்ட பிறிதோர் இராகம். வடநாட்டுப் பதிவுகளையும் தென்னாட்டுப் பதிவுகளையும் ஒருங்கே வைத்திருக்கும் வீடொன்றில், பெயரை மட்டும் அறிந்த கணினி உறவில்லாதவற்றை ஒரு தலைப்பின் கீழ்ச் சேர்க்கின்றது, உறவுடையவற்றைப் பிரித்துவிடுகின்றது. இசையறிவுடைய எவரும் தம் அடுக்கில் இப்பிழையைச் செய்திருக்கமாட்டார்.

வரிசையும் இவ்வாறே சிதைவுறுகின்றது. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற இராக வரிசையிற் பாடப்படுவது மரபு. தலைப்பின் ஆங்கில அகரவரிசைப்படி கணினி அவற்றை அடுக்கினால், கௌளை முதலிலும் ஸ்ரீ இரண்டாவதாகவும் நாட்டை மூன்றாவதாகவும் வரும். தொடக்கமாக அமையவேண்டிய நாட்டை நடுவிலும், மங்கலமாக நிறைவுறும் ஸ்ரீ அதற்கு முன்னரும் ஒலிக்கும். நிரலின்றிப் பாடல்களைக் கலைத்து இசைக்கும் வசதி இதனிலும் ஒரு படி மேற்செல்வது. ஆலாபனை ஓர் உருப்படியாகவும் கீர்த்தனை இன்னோர் உருப்படியாகவும் பிரித்துப் பதியப்பட்ட வட்டிலிருந்து ஆலாபனை மட்டும் எழுந்து, அதனைத் தொடர்ந்து சினிமாப் பாட்டொன்று வருமாயின், அங்கே நிகழ்வது வசதியன்று. ஒரு வாக்கியத்தைப் பாதியில் வெட்டிய செயலாகும்.

எல்லாவற்றினும் கவலைக்குரியது பக்கவாத்தியக்காரரின் மறைவாகும். கலைஞர் என்ற உறுப்பு ஒருவருக்கே இடமளிப்பது. நாதசுரப் பதிவொன்றில் அவ்விடம் நாதசுரக்காரருக்குச் செல்லும். தவிற்காரர் பட்டியலில் இல்லாதவராவார். 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்பதற்காகவே ஒரு நாதசுரப் பதிவைத் தேடுவோர் ஈழத்திலும் தமிழகத்திலும் உளர். கணினியில் அவர் பெயரை எழுதித் தேடும் ஒருவருக்கு, அவரது வாசிப்பு அதே வன்தட்டில் இருந்தபோதும் ஒன்றுமில்லை என்ற விடையே கிடைக்கக்கூடும். பழைய அட்டையில் அவர் பெயர் சிறிய எழுத்திலாயினும் இருந்தது. சிறிய எழுத்திற்கும் இன்மைக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஒரு கலைஞனின் பெயர் அவனது கலையோடு சேர்ந்து பயணஞ் செய்யாதவிடத்து, அடுத்த தலைமுறை அவனைக் கேட்டும் அறியாதிருக்கும்.

பெயரை எழுதும் எழுத்தும் இங்கு நோக்கற்பாலது. முன் கூறிய 30 பைற்று உறுப்பு இலத்தீன் எழுத்துக்களை மனங்கொண்டு அமைக்கப்பட்டது. இன்று இணையத்திற் பெரும்பாலும் கையாளப்படும் ஒருங்குறி முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைற்றுக்களை வேண்டுகின்றது. தியாகராஜர் என்ற பெயரைத் தமிழில் எழுதினால் 30 பைற்றுக்களும் அதனுடன் தீர்ந்துவிடும். முத்துசுவாமி தீட்சிதர் என்று எழுதினால் முத்துசுவா என்பதோடு பெயர் அறுந்துபோகும். தமிழர் பலர் தம் இசையின் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே எழுதப் பழகியதற்கு இத்தகைய நெருக்கடிகளும் ஒரு காரணமாகும்.

குறை எவருடையது?

இதுகாறும் கூறியவற்றால், கணினி இசைநூலகம் ஒரு கேடு என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். குறைகள் யாவும் முதல் ஏற்பாட்டின் குறைகள். 1998இல் ஐ.டி.3 திருத்தியமைக்கப்பட்டபோது இயற்றியவர், நடத்துநர் முதலியோருக்குத் தனி உறுப்புக்கள் வந்தன. ஒருங்குறி எழுத்துக்கும் நீண்ட பெயருக்கும் வழி பிறந்தது. பிளாக் முறையிலோ எப்பெயருடைய உறுப்பையும் வைத்திருப்பவரே உருவாக்கலாம். ஒரே உறுப்பைப் பலமுறையும் எழுதலாம். இராகம் என்றும் தவில் என்றும் தமிழிலேயே பொருளை எழுதிவைக்க இன்று எத்தடையும் இல்லை. தடை நீங்கிய பின்னரும் பெரும்பாலானோர் தலைப்பு, கலைஞர், தொகுப்பு என்ற பழைய மூன்றோடு அமைந்துவிடுகின்றனர். எனவே இப்போதுள்ள குறை கருவியின் குறையன்று. கருவி முதலிற் கற்பித்த பழக்கத்தின் குறை.

அத்துடன், மரத்தாலான அடுக்கும் குறையற்றதன்று. ஓர் இறுவட்டு ஓரிடத்திலேயே இருக்க முடியும். பாடகர்வழி அடுக்கினால் இராகம் சிதறும். இராகவழி அடுக்கினால் பாடகர் சிதறுவர். ஆறு இராகங்கள் கொண்ட ஒரு கச்சேரி வட்டை எவ்விராகத்தின் கீழ் வைப்பது? கணினி இவ்வடிமைத்தனத்திலிருந்து கேட்பவரை விடுவிக்கின்றது. விபரங்கள் செம்மையாக எழுதப்பட்டிருக்குமாயின், வீட்டிலுள்ள தோடிகள் யாவற்றையும் பதிவாண்டின் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலாம். ஒரே கீர்த்தனையை நால்வர் பாடக் கேட்டு, பாடாந்தர வேறுபாடுகளை ஒப்பிடலாம். ஒரு தவிற்காரரின் வாசிப்பு இருபதாண்டுகளில் எவ்வாறு முதிர்ந்தது என்பதைத் தொடர்ந்து செவிமடுக்கலாம். இசை பயிலும் மாணவருக்கு இதனைவிடச் சிறந்த ஆசிரியத்துணை அரிது. முன்னர் வானொலி நிலையங்களின் ஒலிக்களஞ்சியங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த வாய்ப்பு இது.

வட்டு திணித்த வெட்டுக்களையும் கணினி நீக்கவல்லது. 1869இல் மியூனிச்சில் அரங்கேறிய வாக்னரின் றைன்பொன் இசைநாடகம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இடைவேளையின்றி நிகழ்வது. இறுவட்டில் அது இரண்டாகப் பிளந்தே விற்கப்பட்டது. நடுவில் எழுந்து வட்டை மாற்றவேண்டும். இசைநூலகத்தில் அது மீண்டும் ஒன்றாகின்றது. ஆயின் இங்கும் ஒரு நிபந்தனையுண்டு. எம்.பி.3 முறை ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்ப்பது. அதனைக் கணக்கிற்கொள்ளாத கருவியிற் பகுதிகளுக்கிடையே இசை ஒருகணம் அறுந்து மீளும். வட்டு ஓரிடத்தில் வெட்டியதை, கவனமின்றிச் செய்த பிரதி பல இடங்களில் வெட்டிவிடும்.

நிலைபேறு

நூலகம் என்ற சொல் நிலைபேற்றையும் குறிப்பதாகும். இறுவட்டுக் கருவி பழுதானால் இன்னொன்று வாங்கலாம், வட்டு நிற்கும். கணினி நூலகத்திலோ வன்தட்டு ஒருநாள் நின்றுபோதல் தவிர்க்கவியலாதது. கோப்புக்களை வாசித்து ஒலிக்கச்செய்யும் கருவிகளும் நெடுநாள் வாழ்வனவல்ல. கணினியிலுள்ள இசையை வரவேற்பறைக்குக் கொண்டுவரும் கருவிகளை 2001 முதல் விற்ற சிலிம் டிவைசஸ் நிறுவனத்தை 2006இல் லொஜிரெக் வாங்கியது. ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற அக்கருவி வரிசை 2012இற் கைவிடப்பட்டது. அதன் மென்பொருள் எவரும் திருத்தத்தக்க திறந்த மூலமாக இருந்தமையால், பயன்படுத்துவோரே அதனைத் தொடர்ந்து பேணினர். கருவி மாறினும் கோப்பு நிற்கவேண்டுமாயின், கோப்பும் விபரமும் எந்தவொரு நிறுவனத்தின் பூட்டுக்குள்ளும் இருத்தலாகாது என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

கோப்பின் பெரும்பேறு, அது தேயாமற் பிரதியாவது. ஈழத்துத் தமிழருக்கு இதன் பெறுமதியை விரித்துரைக்கவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அச்சுநூல்களிற் பலவற்றைப் பிறவிடங்களிலிருந்து மீண்டும் பெறமுடிந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளை மீட்க வழியிருக்கவில்லை. ஒற்றைப் பிரதி என்பது பாதி இழப்பு என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று. வீட்டு வன்தட்டு ஒன்றில் மட்டும் இருக்கும் இசைநூலகமும் ஒற்றைப் பிரதியே. அதனை இரண்டாம் வன்தட்டொன்றிற் பிரதிசெய்து வேறொரு வீட்டில் வைப்பதற்கு ஓர் இரவு போதும். இடப்பெயர்வின்போது தூக்கமுடியாத ஓர் அலுமாரி வட்டுக்கள், சட்டைப்பையில் அடங்கும் காலம் இது.

வன்தட்டும் வேண்டாம், கேட்கும்போது கேட்கும்போது இணையவழி வந்தாற் போதும் என்று வாதிடுவோர் இன்று பெருகியுள்ளனர். ஸ்பொட்டிபை போன்ற சேவைகள் 2008 முதல் அப்பழக்கத்தை வளர்த்துள்ளன. அங்கே கேட்பவருக்குக் கிடைப்பது உடைமையன்று. சந்தா செலுத்தும்வரை நீடிக்கும் அனுமதியே. உரிமை ஒப்பந்தம் முடிந்தால் நேற்றிருந்த பதிவு இன்றிராது. விபரப்பட்டியலையும் அந்நிறுவனமே வகுக்கின்றது. தவிற்காரரின் பெயரைக் கேட்பவர் தாமே சேர்க்க அங்கு வழியில்லை. இல்லத்து இசைநூலகத்திலோ பட்டியல் அவ்வீட்டாரின் கையில் உள்ளது. அதன் சிறப்பும் பொறுப்பும் இதுவே.

முடிவாக, இறுவட்டுக் கருவியை அகற்றிக் கணினியை வைத்தல் கருவி மாற்றம் என்ற அளவில் எளிதானது. ஒரு வாரத்திற் செய்து முடிக்கத்தக்கது. அம்மாற்றம் கேட்பவரைப் பட்டியலாளராகவும் ஆக்குகின்றது என்பதைப் பெரும்பாலோர் உணர்வதில்லை. வட்டை வெளியிட்டவர் செய்துவந்த பணி இப்போது வீட்டாரின் தலையில் வந்து சேர்ந்துள்ளது. அதனைச் செய்யாது விடுவோரின் வன்தட்டில் ஒலி இருக்கும். இசை பற்றிய அறிவு இராது. செய்வோரின் வன்தட்டிலோ எந்த மர அடுக்கும் தந்திராத ஓர் ஒழுங்கு பிறக்கும்.

ஆதலால் வட்டுக்களைப் பெட்டியில் அடைக்குமுன் செய்யவேண்டிய கடமையொன்று உண்டு. ஒவ்வொன்றின் சிறுநூலையும் பிரித்து, அங்கே சிறிய எழுத்தில் உள்ள பெயர்களை, இராகத்தையும் தாளத்தையும் வயலினையும் தவிலையும், தமிழ் எழுத்திற் கோப்பினுள் எழுதிவைத்தல் வேண்டும். சிறுநூல் தொலைந்த பதிவுகளும் உண்டு. வாசிப்பைக் கேட்டவுடனே இது இன்னாரின் கை எனக் கூறவல்ல முதியோர் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே கூறிச் சென்றார். அவ்வாய்ப்புப் பெறாத கலைஞர்களின் பெயர்களைக் கூறவேண்டியவர் இன்று கேட்பவரேயாவர்.